பொறுத்துக்கொள் என்று சொன்னேன்

பிள்ளைகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பும் நாளில் நம் வீடுகளில் நடைபெறும் காட்சி ஒன்று உண்டு. பெட்டியும் படுக்கையும் கட்டியாகிவிடும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் துணிகளுக்கு நடுவே பத்திரமாக இடம் பிடித்துவிடும். ரயிலடிக்குப் புறப்படும் நேரத்தில் தாய், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொல்லும் சொற்கள் எல்லா வீடுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: "யாரோடும் வம்புக்குப் போகாதே. யார் நாலு வார்த்தை சொன்னாலும் பொறுத்துக்கொள். நாம் பிழைக்க வந்தவர்கள்." தந்தை ஒன்றும் சொல்லமாட்டார், ஆமோதிப்பவர் போலத் தலையை மட்டும் அசைப்பார்.

இந்த அறிவுரை வானத்திலிருந்து குதித்ததன்று. மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கி, குடியிருக்க அறை தேடி, அலுவலகத்தில் ஒரு நாற்காலி தேடி, அடங்கி நடந்து மெல்ல மெல்ல வேரூன்றிய ஒரு தலைமுறையின் அனுபவம் அதில் அடங்கியிருக்கிறது. யானும் அத்தலைமுறையைச் சேர்ந்தவனே. 1981-ஆம் ஆண்டு, இருபத்திரண்டாம் வயதில், டில்லியில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் என் பெயரை அங்கே ஒருவரும் உச்சரித்ததில்லை. "மதராஸி" என்பதே என் பெயர். என் பேச்சைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். யானும் சேர்ந்து சிரிப்பேன். பொறுத்தேன், பதவி உயர்வு வந்தது, குடியிருப்பு வீடு கிடைத்தது, பின்னாளில் கேலி செய்தவர்களே நண்பர்களும் ஆயினர். ஆகவே, பொறுமையே வாழ்வின் ஆணிவேர் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந் நம்பிக்கை எல்லார்க்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்று அறிந்துகொள்ள எனக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. அதை அறிவித்தவள் ஒரு பெண்.

இக் கட்டுரையில் அவள் பெயரோ, அவள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரோ வாரா. எழுதுமுன் அவளுடைய இசைவைப் பெற்றேன். எழுதி முடித்தபின் அவளிடமே முதலில் படித்துக் காட்டினேன்.

2018-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறை. எங்கள் குடியிருப்பில் இரண்டு வீடுகள் தள்ளி இருந்த தமிழ்க் குடும்பத்தின் மகள், வடநாட்டின் வேறோர் ஊரில் ஆராய்ச்சி மாணவியாகப் பயின்றுவந்தவள், வீட்டுக்கு வந்திருந்தாள். தொட்டிலில் கிடந்த நாள்முதல் யான் அறிந்த குழந்தை. பண்டிகை முடிந்த மறுநாள் மாலை அவளை அழைத்துக்கொண்டு தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, நீங்கள் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்ப்பவர். இவள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்றார்.

அவள் சொன்னவற்றை முழுதும் இங்கே எழுத வேண்டுவதில்லை. ஆய்வு நெறியாளர் அவளை மட்டும் மாலை நேரத்தில் தனியே ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னார். நள்ளிரவில் செய்திகள் அனுப்பினார். ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு நாள் எல்லை மீறினார். அவள் விலகி நின்றபோது, "உன் ஆய்வேடு என் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே" என்றார். அன்றுமுதல் அவளுடைய இயல்களைத் திருத்தித் தராமல் மேசையிலேயே போட்டு வைத்திருந்தார்.

யான் நீண்ட நேரம் யோசித்தேன். பிறகு சொன்னேன்: "அம்மா, இன்னும் ஓராண்டுதானே இருக்கிறது! தனியே போகாதே, துணைக்கு ஒருத்தியை அழைத்துக்கொண்டு போ. நெறியாளரைப் பகைத்துக்கொண்டு பட்டம் வாங்கினவர்களை யான் கண்டதில்லை. பொறுத்துக்கொள்."

அவள் ஒன்றும் பேசவில்லை. "சரி, மாமா" என்று எழுந்து போனாள். தாயார் நன்றி கூறிவிட்டுப் போனார். அனுபவமுள்ள ஒருவன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கினேன். அந் நிறைவை இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஓர் ஆணை வந்தது. பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழுவில், ஆசிரியரல்லாத பணியாளர் சார்பில் என்னை உறுப்பினனாக நியமித்திருந்தார்கள். ஓய்வு பெற ஓராண்டுகூட இல்லாத காலத்தில் இதென்ன புதிய சுமை என்று எண்ணிக்கொண்டே, கூட வந்த விதிமுறைத் தொகுப்பைப் பிரித்துப் படித்தேன். பல்கலைக்கழகக் கோப்புகளோடு ஒரு வாழ்நாளைக் கழித்தவன் யான். ஆயினும் அந்த விதிகளை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

வாசகர்களும் அறிந்திருக்க வேண்டியவை ஆதலால் அவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை அடிப்படை உரிமைகளுக்கே இழைக்கும் தீங்கு என்று 1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தீர்ப்பளித்தது. ராஜஸ்தானத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்னும் கிராமப் பணியாளருக்கு 1992-இல் இழைக்கப்பட்ட கொடுமையே அவ் வழக்குக்குக் காரணமாயிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2013-இல் பாராளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதனை அடியொற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015-ஆம் ஆண்டு விதிகள், 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. ஊழியர்களுக்கு மட்டுமன்றி மாணவர்களுக்கும் அவை காவலாக நிற்கின்றன. மாணவரிலும் மூன்றாம் பாலினத்தவரிலும் தொல்லைக்கு ஆளாகக் கூடியவர் உண்டு என்பதையும் அவ் விதிகள் ஏற்றுக்கொள்கின்றன.

குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருத்தல் வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர், வழக்கு மாணவரைப் பற்றியதாயின் மாணவர் மூவர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் முதலான அதிகாரம் படைத்தோர் அக் குழுவில் இடம்பெறலாகாது. புகாரை எழுத இயலாதவர்க்கு எழுதித் தர உதவுவதும் குழுவின் கடமை. எதிர்த்தரப்பினர்க்குப் புகாரின் படியைக் கொடுத்து அவருடைய மறுமொழியையும் கேட்க வேண்டும். விசாரணை தொண்ணூறு நாள்களில் முடிதல் வேண்டும். வேண்டுமென்றே பொய் கூறினவர் தண்டனைக்கு உரியவர். ஆனால் மெய்ப்பிக்க இயலவில்லை என்ற ஒன்றாலேயே ஒரு புகாரைப் பொய்யென்று கொள்ளலாகாது. இருபாலார்க்கும் நியாயம் நாடிச் செய்த ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றியது.

படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். விசாரணை நடைபெறும் காலத்தில், புகார் கூறிய மாணவரின் ஆய்வையோ தேர்வையோ மதிப்பிடும் பொறுப்பிலிருந்து எதிர்த்தரப்பினரை விலக்கி வைக்கக் குழு பரிந்துரைக்கலாம் என்று அங்கே எழுதியிருந்தது. "பட்டம் போய்விடும்" என்று எதைச் சொல்லி அப் பெண்ணை அச்சுறுத்தினேனோ, அதற்கு விதியிலேயே மாற்று இருந்தது! யான் சொன்னது அனுபவமன்று, அறியாமை.

அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது கை நடுங்கிற்று. கடைசி நிகழ்ச்சி நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தருதல் வேண்டும் என்று இருந்தது. ஆகஸ்டு இறுதி, செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று விரல் விட்டு எண்ணினேன். அவள் என்னிடம் வந்த அன்று காலம் மிச்சம் இருந்தது. "பொறுத்துக்கொள்" என்ற என் ஒரு சொல்லைக் கேட்டுப் பொறுத்திருந்த நாள்களில் அக் காலம் கடந்துவிட்டது.

நல்லவேளையாக அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. தக்க காரணம் இருப்பின், அதனை எழுத்தில் பதிவு செய்து, மேலும் மூன்று மாதம் வரை காலத்தை நீட்டித்தளிக்கக் குழுவுக்கு உரிமை உண்டு. அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தாயாரிடம், "அன்று யான் சொன்னது தவறு" என்றேன். அறுபதை நெருங்கிய ஒருவனுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்வது எளிதன்று. அவர் தொலைபேசியில் மகளை அழைத்தார். அவளிடமும் அதையே சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, "தாமதத்துக்குக் காரணம் என்ன என்று எழுதட்டும், மாமா?" என்று கேட்டாள். "பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் தவறான ஆலோசனை கூறினார் என்று எழுது" என்றேன். அவள் அப்படியே எழுதினாள். ஆண்டு முடிவதற்குள் புகாரைக் கொடுத்தாள்.

அவளுடைய பல்கலைக்கழகத்தின் குழு தாமதத்தை மன்னித்து விசாரணையை ஏற்றுக்கொண்டது. நெறியாளர் மாற்றப்பட்டார். அவள் பாதுகாத்து வைத்திருந்த நள்ளிரவுச் செய்திகள் சான்றாயின. தனக்கு முன் இருவர் ஆய்வை நடுவில் விட்டுச் சென்றதன் காரணமும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர்களும் யாரோ ஒருவர் சொற்படி பொறுத்துப் பார்த்தவர்களே. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது, அந்த ஆசிரியர் இனி மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கலாகாது என்று முடிவாயிற்று. கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. புதிய நெறியாளரிடம் ஆய்வைத் தொடங்கியதில் அவளுக்கு ஓராண்டு வீணாயிற்று. உணவுக்கூடத்தில் அவள் வந்து அமர்ந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. ஆயினும் பட்டத்தைப் பெற்றாள். இப்பொழுது ஒரு கல்லூரியில் கற்பிக்கிறாள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, பிறர்மீது மட்டும் விரல் நீட்டி நிறுத்திக்கொண்டால் இக் கட்டுரை நேர்மையுடையது ஆகாது. நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கப் பொங்கல் விழாவுக்குத் தொண்டு செய்ய ஓர் இளைஞர் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்காக டில்லிக்கு வந்து, விடுதியில் தங்கிப் பயின்றவர். நாள் முழுதும் நாற்காலி அடுக்கினார், பந்தியில் பரிமாறினார். மாலையில் அவரை அருகே அமர்த்தி அன்போடு பேசத் தொடங்கினேன். "தம்பிக்கு எந்த ஊர்?" ஊரைச் சொன்னார். "ஊரில் எந்தப் பக்கம்?" தெருவைச் சொன்னார். "குலதெய்வம் எது?" அந்தக் கேள்விக்கு அவர் மறுமொழி கூறவில்லை. என்னைப் பார்த்துச் சிறிது முறுவலித்தார். எழுந்து போய்ப் பாத்திரங்களை எடுத்து வைத்தார். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. படிப்புச் சுமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குழுவின் உறுப்பினனான பிறகு, மானியக் குழு 2012-ஆம் ஆண்டில் சமவாய்ப்பைக் காக்க வெளியிட்ட வேறொரு விதித்தொகுப்பையும் படிக்க நேர்ந்தது. மாணவர்களின் சாதியைப் பிறர் அறிய அறிவித்தல், வகுப்பில் "இட ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று முத்திரை குத்துதல், விடுதியிலும் உணவுக்கூடத்திலும் பிரித்து வைத்தல் ஆகியவற்றை அவ் விதிகள் பாகுபாடு என்று பெயரிட்டுத் தடுத்தன. அவற்றைப் படித்த அன்றிரவு அந்த இளைஞரின் முறுவல் என் கண்முன் வந்து நின்றது. யான் கேட்ட மூன்று கேள்விகளும் எதை அறியக் கேட்டவை என்பது அவருக்குத் தெரியும்; எனக்கும் தெரியும். விடுதியில் அவரை "மதராஸி" என்றிருப்பார்கள். தமிழர் என்ற உறவை நாடி நம்மிடம் வந்தார். இங்கே நாம் அவரை இன்னும் சிறிய ஒரு பெட்டிக்குள் அடைக்க முயன்றோம்.

இது சிறு பிழையென்று தள்ளிவிடத் தக்கதன்று. சொல்லால் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்கு நாடறிந்த சான்றுகள் உள. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைப் பற்றி எழுந்த முறையீடுகளை ஆராய்ந்த பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும்கூடத் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்பட்டதை 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் மேற்படிப்பு மருத்துவர் பாயல் தட்வியும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். இவ்விருவரின் தாய்மாரும் 2019-இல் ஒன்றுகூடி, பிற தாய்மாரின் பிள்ளைகளுக்கேனும் பாதுகாப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். ஊரும் மொழியும் வேறான இரு தாய்மார், தம் துயரைத் தமக்குள் வைத்துப் பொறுத்துக்கொள்ளாமல் நாட்டின் முன் எடுத்து வைத்தார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. அது துயரத்தில் பிறந்த பங்கு. 1996-ஆம் ஆண்டு பொன். நாவரசு என்ற மருத்துவ மாணவர் மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்டார். அதன் பின்னரே, 1997-இல், தமிழ்நாடு சட்டமன்றம் ராகிங்கைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. இந்திய நாடு முழுமைக்குமான மானியக் குழுவின் விதிகள் 2009-இல் வந்தன. அவற்றில் 2016-இல் சேர்த்த ஒரு திருத்தம் நம்போன்ற குடும்பங்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ளத் தக்கது. நிறம், இனம், மதம், சாதி, பால் என்பவற்றோடு, பேசும் மொழி, பிறந்த இடம், வாழும் இடம், பொருள் நிலை ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒரு மாணவரை உடலாலோ உள்ளத்தாலோ துன்புறுத்துவதும் ராகிங்கே என்று அது கூறுகிறது. 1981-இல் என் பெயரை மறைத்த அந்தச் சொல், இன்று ஒரு மாணவரை நோக்கித் துன்புறுத்தும் எண்ணத்தோடு வீசப்படுமாயின், அது விதியின்படி குற்றம். யான் சேர்ந்து சிரித்தேன். நம் பேரப்பிள்ளைகள் சிரிக்க வேண்டியதில்லை.

ஆகவே, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு, தவறு செய்து கற்றுக்கொண்டவன் என்ற தகுதியில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லூரியில் சேரும்போது, ராகிங்கில் ஈடுபடமாட்டேன் என்று மாணவரும் அதற்கு உடன்பட்டுப் பெற்றோரும் உறுதிமொழி தருகிறோம். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே கையொப்பம் இடுகிறோம். பிள்ளையை அருகே அமர்த்தி அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நம் பிள்ளை துன்பப்படலாகாது என்பதோடு, நம் பிள்ளை பிறரைத் துன்புறுத்தலாகாது என்பதும் அதில் இருக்கிறது. நாடு முழுதும் கட்டணமின்றி அழைக்கத்தக்க 1800-180-5522 என்ற உதவி எண்ணைப் பெட்டிக்குள் வைக்கும் ஊறுகாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர் யார் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அறிந்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெருப்புப் பிடித்தபின் கிணறு தேடுவது கூடாது. துன்பம் நேர்ந்தால் நாளையும் நேரத்தையும் உடனே குறித்து வைக்கவும், வந்த செய்திகளை அழிக்காமல் வைக்கவும் கற்பியுங்கள். மூன்று மாதம் என்ற கணக்கை மறவாதிருக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை வந்து சொல்லும்போது முதலில் கேளுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வியையும், "உலகம் என்ன சொல்லும்?" என்ற கேள்வியையும் அன்று ஒருநாள் நாவில் அடக்குங்கள். அந்த முதல் அரை மணி நேரத்தில் நாம் சொல்வதுதான் பிள்ளை பேசுமா, ஊமையாகுமா என்பதை முடிவு செய்கிறது.

நம் சங்கத்தின் வாயிலுக்கும் ஒரு வழக்கம் வேண்டும். ஊர் கேட்பது உறவின் தொடக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கு மேல் மூன்றாம் கேள்வி எழும்போது நாவைக் கடித்துக்கொள்வோம். அந்த இளைஞரை யான் தேடினேன். படிப்பு முடித்து வேறு ஊருக்குச் சென்றுவிட்டார் என்றார்கள். அவரிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பை இப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். என்றேனும் அவர் கையில் இது கிடைக்கலாம்.

இக் கட்டுரையை அப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன் என்றேன் அல்லவா? முழுதும் கேட்டபின் அவள் சொன்னாள்: "மாமா, நெறியாளர் செய்ததைக் குழுவின் முன் சொன்னேன்; அதோடு அது இறங்கிவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் உங்கள் வீட்டுப் படியிறங்கிப் போனதுதான் பல நாள் இறங்கவில்லை. நீங்கள் திரும்பி வந்தீர்கள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அச்சுக்குக் கொடுங்கள்."

சென்ற ஜூலையில் என் பேத்தி முதன்முதலாக வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்பட்டாள். புது டில்லி ரயிலடியில் வண்டி நகரும் நேரம். என் மனைவி வழக்கம்போல, "யாரோடும் வம்புக்குப் போகாதே, கண்ணே" என்றாள். அது தாய்மையின் அச்சம். அதை யான் தடுக்கவில்லை. சன்னலருகே குனிந்து என் பங்குக்குச் சொன்னேன்: "வம்புக்குப் போகாதே. வம்பு உன்னிடம் வந்தால் பொறுக்காதே. அன்றைக்கே எங்களுக்குச் சொல். யாரையும் நீ வருந்தவும் வைக்காதே."

அவள் சிரித்தாள். வண்டி புறப்பட்டது.